கோல்ஃப் சுற்றுலாவும் மளிகைக் கடைப் பேரேடும்



கோல்ஃப் ஆட்டத்துக்கும் துவரம் பருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்கத் தோன்றும். கே.கே. நகரிலும் அசோக் நகரிலும் எம்.ஜி.ஆர். நகரிலும் கடை வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் அந்த மட்டையைக் கையில் எடுத்திருப்போம்? நந்தனம் வழியாகப் போகும்போது காஸ்மோபாலிட்டன் கிளப்பின் புல்வெளியை மதில் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் அந்த ஆட்டத்துக்காகவே மலைக்கும் கடற்கரைக்கும் பயணம் போகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களை நம்பி விடுதிகள் நடக்கின்றன. விடுதிகளுக்கு அரிசியும் எண்ணெயும் பாலும் முட்டையும் வேண்டும். அங்கேதான் நம் தொழில் வருகிறது.

இரண்டு காரணங்களுக்காக இதை நாம் படிக்க வேண்டும். ஒன்று, பருவத்தை நம்பிய வியாபாரம் எப்படி நடக்கிறது, எங்கே கவிழ்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. மற்றொன்று, சரக்கு விற்பனைக்குப் பரிசாகக் கம்பெனிகள் நம்மையே இந்த மாதிரி ஊர்களுக்கு அழைத்துப் போகின்றன. அந்தப் பயணத்தின் உண்மை விலை என்ன என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.

ஆட்டம் என்ன, வியாபாரம் என்ன?

ஒரு முழு மைதானத்தில் 18 குழிகள். மட்டையால் பந்தை அடித்து, எவ்வளவு குறைந்த அடிகளில் குழிக்குள் தள்ளுகிறோம் என்பதுதான் ஆட்டம். ஒரு சுற்று முடிக்க நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. பொதுவாக நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஆடுவார்கள். 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் பிடிக்கும். புல் வெட்ட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், ஆள் போட வேண்டும். ஒருவர் ஆடினாலும் நூறு பேர் ஆடினாலும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றேதான்.

இதில் விற்பனைக்கு இருப்பது பொருள் அல்ல, நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு குழுவை விட்டால் ஒரு மணிக்கு ஆறு குழு, அதாவது 24 பேர். காலை ஏழு மணிக்குப் போக வேண்டிய குழு வரவில்லை என்றால் அந்த இடத்தை மறுநாள் விற்க முடியாது. நம் கடையில் கொத்தமல்லிக் கட்டு மாலைக்குள் போகாவிட்டால் மறுநாள் பாதி விலை. இங்கே பாதி விலையும் கிடையாது. விடுதி அறையும் அப்படித்தான். நேற்றிரவு காலியாகக் கிடந்த அறை நேற்றோடு போயிற்று.

அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வார இறுதிக்கு ஒரு விலையும் வார நாளுக்கு ஒரு விலையும் வைக்கிறார்கள். சீசனில் ஒரு கட்டணம், மழைக்காலத்தில் ஒரு கட்டணம். இரவு தங்குவது, சாப்பாடு, ஆட்டம் மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாக விற்கிறார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர் ஒரு நாளில் திரும்பிவிடுவார். ஆட வருகிறவர் மூன்று நான்கு நாள் தங்குவார், நாலு பேராக வருவார், கூட்டம் இல்லாத செவ்வாய், புதன் கிழமைகளையே விரும்புவார். காலி நாளை நிரப்பும் வாடிக்கையாளர் என்பதால்தான் விடுதிக்காரர் அவரைத் தேடிப் போகிறார்.

மலையும் கடலும்

நம் மாநிலத்தில் இந்த ஆட்டம் மலைகளில் வேரூன்றியது வெள்ளைக்காரர் காலத்தில். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகமண்டலத்தில் வீடு கட்டிக் குடியேறினார். அவருக்குப் பின்னால் அதிகாரிகளும் ராணுவத்தாரும் கோடைக்கு மலையேறத் தொடங்கினார்கள். கிளப்பும் மைதானமும் கூடவே வந்தன. ஊட்டி ஜிம்கானா கிளப், குன்னூரை அடுத்த வெலிங்டன் ஜிம்கானா கிளப், 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் ஆகிய மூன்றிலும் 18 குழி மைதானங்கள் உண்டு. ஊட்டி சுமார் 7,300 அடி உயரம். அங்கே ஆடுகிறவர் சென்னை வெயிலில் ஆடுகிறவரைப் போலக் களைப்படைவதில்லை. ஆட்டத்துக்கு மலை ஏறிப் போவதற்கு அந்தக் குளிரே முதல் காரணம்.

மலையும் கடலும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் அதற்குப் பொருத்தமான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் கொழும்பு பொரளையில் இருக்கும் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879-இல் தொடங்கியது. களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்துக்கு உள்ளேயே ஓடுகிறது. அங்கிருந்து மலையேறினால் நுவரெலியா. 6,000 அடிக்கு மேல் உயரம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஊர். அங்குள்ள கோல்ஃப் கிளப் 1889-இல் தொடங்கியது. கண்டிக்கு அருகே திகனவில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் 1999-இல் ஒரு மைதானம் திறந்தார்கள். தென் கடற்கரையில் அம்பாந்தோட்டையில் ஷாங்ரி-லா விடுதியோடு சேர்ந்த மைதானம் 2016-இல் வந்தது. ஆக, கடற்கரை நகரம், குளிர்ந்த மலை, ஏரிக்கரை, மறுபடியும் கடல் என்று ஒரு வாரத்தில் நான்கு மைதானங்களில் ஆடிவிட்டு ஊர் திரும்பலாம். இதைத்தான் பயண நிறுவனங்கள் ஒரு பொட்டலமாகக் கட்டி விற்கின்றன.

இந்த மலைகளுக்குச் சரக்கு ஏறும் வழியும் இறங்கும் வழியும் நமக்குப் புதியவை அல்ல. நீலகிரியின் கேரட்டும் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலமாகி நம் கோயம்பேட்டுக்கு வருகின்றன. அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் அதே மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறுகின்றன. இலங்கையில் இறக்குமதிச் சரக்கு கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, புறக்கோட்டை மொத்த வியாபாரத் தெருக்கள் வழியாக மலைநாட்டுக்குப் போகிறது. புறக்கோட்டையில் தமிழ் வணிகர்களின் கடைகள் ஏராளம். நம் ஊர் வெங்காய விலை ஏறினால் அங்கே முகம் சுளிக்கிறார்கள்.

பணம் எந்த வாசல் வழியாக வருகிறது?

இங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஊட்டிக்கு ஒரு நாள் பயணமாகப் பேருந்தில் வரும் ஐம்பது பேரை எடுத்துக்கொள்வோம். அவர்கள் தேநீர் குடிப்பார்கள், வர்க்கி வாங்குவார்கள், தேயிலைத்தூள் கால் கிலோ, தைலம் ஒரு புட்டி, பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்குவார்கள். தலைக்கு நூறு, இருநூறு ரூபாய்தான் இருக்கும். ஆனால் அது பல கடைகளுக்குப் பிரிந்து போகிறது. அன்றைக்கே கல்லாவில் விழுகிறது.

ஆட வருகிற நால்வர் செலவழிப்பது அதைவிடப் பல மடங்கு. ஆனால் அவர்கள் கடைத்தெருவுக்கு வருவதே அரிது. காலையில் மைதானம், மதியம் கிளப்பில் சாப்பாடு, இரவு விடுதியில் சாப்பாடு. அவர்கள் உண்ட அரிசிக்கும் கோழிக்கும் உரிய பணம் மளிகைக்காரருக்கு வருகிறது என்றால் அது விடுதியின் கணக்கு வழியாகத்தான் வருகிறது. முப்பது நாள் கழித்தோ, அறுபது நாள் கழித்தோ, காசோலையாக, ஒரே கையிலிருந்து.

ஒன்று கல்லாவுக்கு வரும் காசு. மற்றொன்று பேரேட்டில் நிற்கும் காசு. முதலாவது சிறிது, ஆனால் நிச்சயம். இரண்டாவது பெரிது, ஆனால் ஒரே தூணில் நிற்கும் பந்தல். பெரிய பணக்காரர்கள் தங்கும் விடுதி என்பதால் நமக்கும் பணம் தவறாமல் வரும் என்று எண்ணக் கூடாது. பணக்காரர் விடுதிக்குப் பணம் தந்துவிடுவார். விடுதி நமக்குத் தந்ததா என்பது வேறு கேள்வி.

வெண்ணெயில் தொடங்கிய கடை

இந்த இரண்டு காசையும் சரியாகக் கையாண்ட ஒரு வணிகரின் வரலாறு நமக்கு முன்னால் இருக்கிறது. நீலகிரி மலைவாசத் தலங்களுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே ஆங்கிலேயர்களின் கடிதங்களையும் காசோலைகளையும் சுமந்து சென்று வந்தவர் முத்துசாமி முதலியார். மேலே இருப்பவர்கள் வெண்ணெய் போன்ற பொருள்களையும் வாங்கி வரச் சொன்னார்கள். யாருக்கு என்ன தேவை, எவ்வளவு தேவை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய் வியாபாரத்தை விலைக்கு வாங்கி, 1905-இல் குன்னூருக்கு அருகே வண்ணாரப்பேட்டையில் சிறு கடை வைத்தார். அதுதான் பின்னால் "நீல்கிரிஸ்" என்று பெயர் பெற்றது. 1936-இல் குடும்பத்தார் பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்கு வந்தார்கள். தென்னிந்தியாவில் நாமே பொருளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட் முறையை மக்களுக்குப் பழக்கிய கடைகளில் அதுவும் ஒன்று.

அவர் மலைக்கு வந்த சீமான்களுக்கு விற்றார். ஆனால் சீமான்களை மட்டுமே நம்பிக் குடும்பம் மலையிலேயே உட்கார்ந்துவிடவில்லை. மலையில் கற்ற தரத்தைச் சமவெளியில் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் மக்களுக்குக் கொண்டுவந்து விற்றது. சீசன் வாடிக்கையாளரிடம் தரத்தைக் கற்றுக்கொள், நிரந்தர வாடிக்கையாளரிடம் வியாபாரத்தை நிறுத்து என்பதுதான் அதன் பொருள்.

சீசன் நின்றால்?

மலைக்குச் சித்திரை, வைகாசி முதல் சீசன். மே மாதத்தில் ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. பிறகு மழை. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன். நுவரெலியாவிலும் ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டித்தான் கூட்டம். இந்தக் கணக்கை வைத்துத்தான் அங்கே உள்ள வணிகர்கள் பிப்ரவரி, மார்ச்சிலேயே சரக்கு சேர்க்கிறார்கள்.

சேர்த்த பிறகு சீசன் வராவிட்டால்? இலங்கையைப் பாருங்கள். 2018-இல் அங்கே 23 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21-இல் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுவெடிப்பு. அடுத்த ஆண்டு கொரோனா. 2021-இல் வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. தலை தூக்குவதற்குள் 2022-இல் பொருளாதார நெருக்கடி. டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை ரூபாய் சில வாரங்களில் 350-ஐத் தாண்டியது. பெட்ரோலுக்கு வரிசை, சமையல் எரிவாயுவுக்கு வரிசை. பிறகு மெல்ல மீண்டு 2024-இல் மறுபடியும் 20 லட்சத்தைக் கடந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்து மலைநாட்டில் மண்சரிவு. மைதானத்தில் புல் மறுபடியும் முளைத்துவிடும். 2019 மார்ச்சில் கடனுக்குச் சரக்கு கொடுத்த புறக்கோட்டை வியாபாரியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நம் மலைக்கும் இது பொருந்தும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கையும் வரையறுத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலையின் தாங்கும் சக்திக்கு ஓர் அளவு உண்டு என்பது நியாயமே. தண்ணீர், குப்பை, காட்டு விலங்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கோடையை நம்பிச் சரக்கு சேர்த்த சிறு வணிகர்களுக்கு அது பெரிய அடி. 2025 ஏப்ரல் 2-இல் நீலகிரி வணிகர்கள் கடையடைப்பே நடத்தினார்கள். அதே போல நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. நம் கடையில் நன்றாக ஓடும் சரக்கு அங்கே தடைப்பட்ட சரக்கு. மலைக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் ஆர்டர் எடுக்க வேண்டும்.

சென்னையில் இருக்கும் நமக்கு இது என்ன பாடம் என்றால், நமக்கும் சீசன் கணக்குகள் உண்டு. வடபழனி, கே.கே. நகர் சுற்றுவட்டாரத்தில் எத்தனை கல்யாண மண்டபங்கள்! தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் சமையல் கான்டிராக்டர்கள் மூட்டை மூட்டையாக எடுப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்குச் சரக்கு போடுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையையே மூடித் திருமழிசைக்கு மாற்றியதை நாம் பார்த்தோம். எந்தக் கதவும் ஒரே இரவில் சாத்தப்படலாம்.

கடன் கணக்கு

இப்போது பென்சிலை எடுத்துக்கொள்வோம். மொத்த வியாபாரத்தில் நமக்கு நிற்கும் லாபம் நூற்றுக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விடுதியில் ஒரு லட்சம் ரூபாய் வராக்கடன் ஆனால், அதை ஈடுகட்ட 25 லட்சத்துக்குச் சரக்கு விற்க வேண்டும். அந்த 25 லட்சம் விற்பனையில் நமக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. பணம் மூன்று மாதம் தாமதமாக வந்தால்? மாதம் 1 சதவீத வட்டி என்றாலே மூன்று ரூபாய் போயிற்று. நான்கில் மிஞ்சியது ஒன்று. அதில்தான் வண்டி வாடகை, ஆள் கூலி.

ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலைக்குப் பிறகு இன்னொரு சுமையும் சேர்ந்தது. வரி உள்ள சரக்கைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டால், வாங்கியவர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் நாம் உரிய தேதியில் வரியைக் கட்டியாக வேண்டும். சரக்கும் நம்முடையது, வரியும் நம் கையிலிருந்து. வாங்கியவர் பட்டியல் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், அவர் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. பெரிய விடுதிகளிடம் இதை மரியாதையாக நினைவூட்டலாம். ஆனால் 5 சதவீத வரியில் நடக்கும் உணவகங்கள் உள்ளீட்டு வரியே எடுப்பதில்லை. அவர்களிடம் இந்தப் பிடி செல்லாது.

சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதில் கவனம் தேவை. 2021 ஜூலை முதல் மொத்த, சில்லறை வணிகர்களும் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. தாமதப் பணத்துக்கு வட்டி கேட்கும் உரிமை வாங்கி விற்கும் வணிகருக்குக் கிடையாது. மசாலாப் பொடி அரைத்து விற்பவர், செக்கில் எண்ணெய் ஆட்டி விற்பவர் போன்று உற்பத்தி செய்யும் குறு, சிறு நிறுவனத்தார் பதிவு செய்திருந்தால் அவர்களுக்கு உண்டு. எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். நம்மில் இரண்டும் செய்கிறவர்கள் பதிவைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் வணிகருக்குப் பாதுகாப்பு எது? எழுத்துதான். சரக்கு விற்ற கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுக் காலக்கெடு. அந்தக் கெடுவுக்குள் எதிராளி நிலுவையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் பேரேட்டிலும் ஒரு சுற்றுலா விடுதியின் கணக்கு நின்றது. பெயர் இங்கே வேண்டாம். அடுத்த ஆண்டு விடுதி கை மாறியது. புதிய நிர்வாகம், "அது பழையவர்கள் வாங்கிய கடன், எங்களுக்குத் தெரியாது" என்றது. ஆண்டுதோறும் மார்ச் 31 நிலுவையை எழுதி, முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைப்பது எங்கள் கடையில் வழக்கம். அந்தத் தாள்களைப் பழைய பங்குதாரர்கள் முன்னால் வைத்தோம். வாய்ச்சண்டை இல்லை. தவணை தவணையாகப் பதினான்கு மாதத்தில் பணம் வந்து சேர்ந்தது. தாள் இல்லாத வேறு சிலருக்கு இன்றுவரை வரவில்லை என்று கேள்விப்படுகிறோம்.

கம்பெனி தரும் டூர்

இனி நாமே பயணியாகும் விஷயம். "இரண்டு மாதத்தில் பத்து லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுங்கள், இலங்கைக்கு நான்கு நாள் டூர்" என்று விற்பனைப் பிரதிநிதி வருகிறார். படத்தில் கடலும் மலையும் பச்சைப் புல்வெளியும் இருக்கின்றன. வீட்டிலும் ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. கணக்கை மட்டும் போட்டுவிடுவோம்.

உதாரணத்துக்கு, அந்தச் சரக்கு நம் கடையில் மாதம் 3 லட்சம் ஓடுகிறது. இரண்டு மாதத்தில் 6 லட்சம். இலக்கு 10 லட்சம். ஆகவே 4 லட்சம் அதிகப்படி. அது தீரச் சராசரியாக இரண்டு மாதம் கூடுதலாகக் கிடந்தால், மாதம் 1 சதவீத வட்டியில் 8,000 ரூபாய். சரக்கை நகர்த்தப் பெட்டிக்கு 3 சதவீதம் விட்டுக்கொடுத்தால், பத்து லட்சத்துக்கு 30,000 ரூபாய். டூரின் மதிப்பு 60,000 ரூபாய் என்றால் அது நம் வியாபார வருமானத்தோடு சேரும். 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு அதில் 18,000 ரூபாய் வரி. ஆக மொத்தம் 56,000 ரூபாய். இலவசம் என்று வந்த 60,000 ரூபாய்ப் பயணத்தில் நமக்கு மிஞ்சியது 4,000 ரூபாய். நான்கு நாள் கடையை ஆள் வைத்துப் பார்த்த கூலியும், காலாவதித் தேதி நெருங்கிய பெட்டிகளும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

வரி விஷயம் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல், வியாபாரத்தை ஒட்டி ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ பயணமாகவோ சலுகை தந்தால், அதன் மதிப்பில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டுவது தருகிறவரின் பொறுப்பு. டூராகத் தருவதில் பிடிக்க ரொக்கம் இல்லை அல்லவா? அதனால் நம்மிடம் அந்தத் தொகையைக் கேட்பார்கள், அல்லது வரி கட்டிய சான்று கேட்பார்கள், அல்லது கம்பெனியே கட்டும். எதுவானாலும் அந்த டூர் நம் பான் எண்ணின் கீழ் வருமான வரித்துறையின் கணக்கில் பதிவாகிவிடும். நாம் கணக்கில் காட்டாவிட்டால் நோட்டீஸ் வரும். பரிசு வாங்கும் அன்றே ஆடிட்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கம்பெனியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். "டூருக்குப் பதிலாக அதே தொகையைப் பட்டியலில் தள்ளுபடியாகத் தருவீர்களா?" தருவதாகச் சொன்னால் அதை நம் வாடிக்கையாளரோடு பகிர்ந்துகொண்டு, வரிசையாக ஆறு மாதம் வியாபாரத்தைப் பெருக்கலாம். தர முடியாது என்றால், அதிகப்படி 4 லட்சம் சரக்கு யாருடைய கிடங்கில் கிடக்க வேண்டும் என்று கம்பெனி நினைக்கிறது என்பது நமக்குப் புரிந்துவிடும்.

நினைவில் கொள்ள

1. எந்த ஒரு விடுதி, மண்டபம், சமையல் கான்டிராக்டரின் நிலுவையும் நம் முதலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த சரக்குக்கு ரொக்கம்.

2. சீசன் கணக்கைச் சீசனுக்குள் முடிக்க வேண்டும். மே மாதச் சரக்குக்கு ஜூன் முடிவுக்குள் பணம். மழை தொடங்கிய பின் விடுதியிலும் பணம் இருக்காது.

3. முன்பணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். விடுதி தன் விருந்தாளியிடம் முன்பணம் வாங்கித்தான் அறையை ஒதுக்குகிறது. அதே முறையை நாம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

4. ஆண்டுக்கு ஒரு முறை நிலுவை ஒப்புதல் கடிதம். உரிமையாளர் அல்லது பங்குதாரர் கையெழுத்து, தேதி, முத்திரை. மேலாளர் கையெழுத்து போதாது.

5. வெளியூருக்குச் சரக்கு அனுப்பும்போது அந்த ஊரின் தடைகளையும் போக்குவரத்து விதிகளையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

6. பரிசுத் திட்டத்தில் சேரும் முன் வட்டி, விட்டுக்கொடுத்த விலை, வரி மூன்றையும் தாளில் எழுதிக் கூட்ட வேண்டும்.

7. பெரிய கணக்கு வந்துவிட்டது என்று சில்லறை வாடிக்கையாளரைக் காக்க வைக்கக் கூடாது. மாதச் சாமான் வாங்க வரும் குடும்பம்தான் ஆடியிலும் வரும், மார்கழியிலும் வரும்.

ஏழாவதுதான் மற்ற ஆறுக்கும் அடிப்படை. கோல்ஃப் மைதானத்தை நடத்துகிறவர்கள் காலியான செவ்வாய்க்கிழமையை நிரப்ப எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று மேலே பார்த்தோம். நமக்குச் செவ்வாய்க்கிழமையைத் தெருமுனைக் குடும்பங்கள் தாமாகவே நிரப்பிவிடுகின்றன. பால் பாக்கெட்டுக்கு வருகிறவர் கூடவே கால் கிலோ ரவையும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் வாங்கிப் போகிறார். அந்தக் காசு அன்றே கல்லாவில் இருக்கிறது. அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு, அளவோடு, எழுத்தோடு, பெரிய கணக்குகளையும் நாம் செய்யலாம். செய்ய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

வரும் தை மாதக் கல்யாண சீசன் தொடங்குவதற்குள் ஒவ்வொருவரும் தம் பேரேட்டை எடுத்து, நிலுவை பெரிதாக நிற்கும் மூன்று கணக்குகளுக்கு ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுவோம். கடித மாதிரி வேண்டுகிறவர்கள் சங்கக் கூட்டத்தன்று கேட்டால் எங்களிடம் உள்ள படிவத்தைத் தருகிறோம். உழைத்துச் சேர்த்த முதல் ஒருவர் கையெழுத்து இல்லாததால் கரைந்தது என்ற நிலை நம்மில் எவருக்கும் வர வேண்டாம்.

வணிகம் வளர்க! வணிகர் ஒற்றுமை ஓங்குக!